எரிந்த குடிசை, எழுதப்படாத பெயர்கள்: படுகொலையின் நினைவை நாவலும் படமும் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் தமிழ் வாசிப்புக் கூட்டங்களிலும், ஆவணப்படம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களின் பேச்சை அப்படியே விட்டிருக்கிறோம். பதில்களில் மூன்று நிகழ்வுகள் அடிக்கடி வரும்: தஞ்சை மண்ணின் கீழ்வெண்மணி, மலேசியாவில் சிலாங்கூரின் பத்தாங் காலி, சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதை.

1. படுகொலைன்னா என்ன? சண்டையில சாகறதும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. கையில் ஆயுதம் இல்லாதவர்களை, தப்பிக்க வழியில்லாத நிலையில், ஒரு கூட்டமாகக் கொல்வதுதான் படுகொலை. இறந்தவர் தனியாக என்ன செய்தார் என்பது அங்கே கணக்கில் வராது. எந்தச் சேரியில் இருந்தார், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், எந்த இனத்தில் பிறந்தார் என்பதே போதுமான காரணமாகிவிடுகிறது.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டும், செங்கொடியை இறக்கச் சொன்னபோது மறுத்தும் நின்ற தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள் தாக்கப்பட்டன. உயிருக்குப் பயந்து ராமையா என்பவரின் குடிசைக்குள் ஒதுங்கியவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பத்தாங் காலியில் 1948 டிசம்பரில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த 24 சீனக் கிராமத்தாரைச் சுட்டுக் கொன்றது. யாரிடமும் ஆயுதம் இல்லை.

2. கோர்ட்டு, பேப்பர் எல்லாத்துலயும் பதிவு இருக்கே. அப்புறம் நாவலும் படமும் எதுக்கு?

நீதிமன்றம் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: இந்த ஆள் இதைச் செய்தார் என்று நிரூபிக்க முடிகிறதா? அந்தக் கேள்விக்கு வெளியே நிற்பதெல்லாம் அதன் காதில் விழாது. கீழ்வெண்மணி வழக்கில் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970-இல், மிராசுதார்களின் அமைப்பான நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் உள்ளிட்ட சிலருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. இவ்வளவு வசதியுள்ள மிராசுதார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. சட்டத்தின் ஏட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அத்தனை பேரையும் கொன்றது யாருமில்லை.

பத்தாங் காலியில், தப்பியோட முயன்றவர்களைச் சுட்டோம் என்ற அரசுத் தரப்புக் கதை 22 ஆண்டுகள் நின்றது. 1970-இல் பிரிட்டனின் 'தி பீப்பிள்' பத்திரிகையில் அந்தப் படைவீரர்களில் சிலரே உண்மையைச் சொன்ன பிறகுதான் அது ஆட்டம் கண்டது. 1992-இல் பிபிசி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டே குடும்பத்தார் மனு கொடுத்தார்கள், போலீஸ் புகார் செய்தார்கள். 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பொது விசாரணை கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது. நீதி வரவில்லை என்றாலும், பழைய கதையை இன்று யாரும் நேர்முகமாக நின்று சொல்ல முடியாது. படம் செய்யக்கூடிய வேலை இது. நாவலின் வேலை வேறு. அந்த அரைப்படி நெல்லுக்கு ஒரு வீட்டில் என்ன பொருள், யார் முதலில் சாப்பிடுவார், யார் கஞ்சித் தண்ணீரோடு படுப்பார் என்பதை எந்தக் குற்றப்பத்திரிகையும் எழுதாது.

3. சயாம் ரயில படுகொலைன்னு சொல்றீங்க. அங்க யாரும் நிக்க வெச்சுச் சுடலயே, காலராவுலதானே செத்தாங்க?

இந்தச் சந்தேகம் நியாயமானது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானிய ராணுவம் 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபருக்குள் முடித்தது. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் அளவில் கொண்டுபோகப்பட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் வேலையை விரட்டிய அதே மாதங்களில்தான் காலரா பரவியது. மருந்து தராமல், அரிசியைக் குறைத்து, நோயாளியைக் காட்டுக்குள் விட்டு, செத்தவன் இடத்துக்கு அடுத்த ரயிலில் ஆள் கொண்டுவந்தார்கள். சாவு நிச்சயம் என்று தெரிந்தே ஆளைத் தொடர்ந்து அனுப்புவதும் கொலைதான் என்பது எங்கள் நிலைப்பாடு. சட்டச் சொல்லாகப் போர்க்குற்றம் என்பதே பொருந்தும். கட்டுரை எழுதும்போது எந்தச் சொல்லை ஏன் எடுத்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். அதே பாதையில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். இறந்தோர் 12,000-க்கும் மேல். அவர்களோடு அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். செத்தவர் பெயர், தேதி, புதைத்த இடம் எல்லாவற்றையும் ஒளித்து எழுதி வைத்தார்கள். அதனால் தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறையில் 6,800-க்கும் மேற்பட்ட கைதிகள் வரிசையாகக் கிடக்கிறார்கள். நம் ஆட்களோடு எழுதி வைக்க ஒருவரும் அனுப்பப்படவில்லை. சிலர் மனைவி பிள்ளைகளோடு போனார்கள், குடும்பத்தோடு அழிந்தார்கள். அந்த ஊரில் இருக்கும் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் 1944-இல் ஜப்பானியரே எழுப்பிய நினைவுத் தூணில் தமிழிலும் வரிகள் உண்டு. பெயர்கள் இல்லை.

4. எனக்கு வாசிக்கற பழக்கம் கம்மி. எதுல ஆரம்பிக்கிறது?

நம் வீட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். சயாம் ரயிலுக்கு மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', கோ. புண்ணியவானின் 'கையறு' ஆகிய நாவல்கள் இருக்கின்றன. தோட்டத்துப் பேச்சு காதில் ஏறியவர்களுக்கு இவை சிரமமாக இருக்காது. கீழ்வெண்மணிக்கு இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலையும், பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். ஏன் என்பதை 5-ஆம் கேள்வியில் சொல்கிறோம்.

குழுவாக வாசிப்பதானால் 300 பக்க நாவலுக்கு நான்கு அமர்வு வையுங்கள். ஓர் அமர்வுக்கு 75 பக்கத்துக்கு மேல் வைத்தால் மூன்றாவது வாரம் பாதிப்பேர் படிக்காமல் வருவார்கள், நாலாவது வாரம் வரவே மாட்டார்கள். கொலை நடக்கும் அத்தியாயத்தை வீட்டில் படிக்க விடாமல், கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிப்பது நல்லது. தனியாகப் படிக்கும்போது கண் தானாக அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடும்.

5. நாவல்ல வர்றதெல்லாம் நெசமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எல்லாம் நிஜமில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. எது நிஜம், எது ஆசிரியரின் கட்டுமானம் என்று வாசகருக்குத் தெரிந்தால் போதும். ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நாவல் சொல்வது, இரண்டாவதில் தீர்ப்பு, பத்திரிகை, வாக்குமூலம் சொல்வது, மூன்றாவதில் இரண்டுமே சொல்லாதது. தேதி, இடம், எண்ணிக்கை, கூலி, தீ வைத்த முறை என ஐந்தாறு விஷயங்களை மட்டும் எடுத்து நிரப்புங்கள். மூன்றாவது பத்திதான் நாளடைவில் பெரிதாகும்.

'குருதிப்புனல்' இதற்கு நல்ல பயிற்சி. 1975-இல் வந்தது, 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கீழ்வெண்மணியை நாடெங்கும் கொண்டுபோனதில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஆனால் கதை, டெல்லியிலிருந்து வரும் படித்த மனிதர்களின் கண் வழியாக நகர்கிறது. பண்ணையாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக வைக்கிறது. கூலிச் சண்டையையும் சாதியையும் ஒரு தனிமனிதனின் மனக்கோளாறாகச் சுருக்கிவிட்டது என்று அன்றே கடுமையான விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனத்தோடு நாங்கள் உடன்படுகிறோம். நிலமும் மிராசுதார் சங்கமும் போலீசும் சேர்ந்து நடத்திய ஒன்றுக்கு ஒருவனின் உடற்குறை காரணமாகிவிட்டால், அவன் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆகிவிடும். நாவலை ஒதுக்கச் சொல்லவில்லை. 'ராமையாவின் குடிசை'யில் உயிர் தப்பியவர்கள் தங்கள் வாயால் சொல்வதை அதன் பக்கத்தில் வையுங்கள். நாவல் வெளியிலிருந்து பார்த்ததும், படம் உள்ளிருந்து கேட்டதும் அப்போது பிரிந்து தெரியும்.

6. சயாம் பாலத்தப் பத்தி இங்கிலீஷ் படமே இருக்கே. அதப் பார்த்தா போதாதா?

1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திறமையாக எடுக்கப்பட்ட படம்தான். அதை வைத்து வரலாறு கற்கக் கூடாது. இலங்கையில் கிதுல்கல என்ற இடத்தில் எடுக்கப்பட்டது. மூலமான பிரெஞ்சு நாவலில் பாலம் தப்பிவிடுகிறது, படத்தில் வெடித்துச் சிதறுகிறது. உண்மையில் அங்கே இருந்தவை ஒரு மரப்பாலமும் ஓர் இரும்புப்பாலமும். இரண்டும் சுமார் இரண்டு ஆண்டு பயன்பாட்டில் இருந்தன. விமானக் குண்டுகள்தான் அவற்றை உடைத்தன.

அந்தப் பாலம் குவாய் ஆற்றின் மேல் கட்டப்படவே இல்லை, மே குளோங் ஆற்றின் மேல் இருந்தது. படம் பார்த்த வெளிநாட்டார் வந்து குவாய் பாலம் எங்கே என்று தேடியதால், 1960களில் தாய்லாந்து அந்தப் பகுதி ஆற்றுக்கே குவே யாய் என்று பெயர் மாற்றியது. ஒரு படம் ஓர் ஆற்றின் பெயரை மாற்றும் அளவுக்கு வலிமையானது. அதே படத்தில் ஆயிரக்கணக்கில் செத்த தமிழ்க் கூலிகள் இல்லவே இல்லை. உலகத்தின் நினைவில் அந்தப் பாதை வெள்ளைக் கைதிகளின் கதையாக நின்றுபோனதற்கு, 3-ஆம் பதிலில் சொன்ன பெயர்ப்பட்டியல் ஒரு காரணம் என்றால், இந்தப் படம் இன்னொரு காரணம்.

7. செத்தவங்க கணக்கு ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கு. எதை நம்பறது?

யார் எண்ணினார், எப்போது எண்ணினார், எதை எண்ணினார் என்ற மூன்றையும் கேளுங்கள். கீழ்வெண்மணிக்கு 42 என்றும் 44 என்றும் இரண்டு எண்கள் புழங்குகின்றன. வழக்கையொட்டி எழுதப்பட்டவற்றில் 42 என்றிருக்கும். ஊர் நினைவுச்சின்னத்திலும் ஒவ்வொரு டிசம்பர் 25 அஞ்சலியிலும் 44. கரிந்த உடல்களை எண்ணுவது ஒன்று, வீட்டுக்கு வீடு யார் இல்லை என்று எண்ணுவது இன்னொன்று. ஜாலியன்வாலா பாக்கில் 1919-இல் பிரிட்டிஷ் அரசின் விசாரணைக் குழு 379 என்றது. காங்கிரஸ் குழு ஆயிரத்துக்கு மேல் என்றது. சுட்ட குண்டுகள் 1,650 என்பதில் மட்டும் சண்டை இல்லை, ஏனென்றால் ராணுவம் தோட்டாவுக்குக் கணக்கு வைத்திருந்தது.

சயாம் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 அளவில் என்று சொல்வது மதிப்பீடு. எழுதும்போது 'மதிப்பீடு' என்ற சொல்லை விடாதீர்கள். எண்ணைக் கூட்டிச் சொன்னால் துயரம் கூடிவிடும் என்று நினைத்து நம்மவர்கள் சிலர் லட்சக்கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். மறுப்பவர்களுக்கு அந்த ஒரு எண் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மீதி உண்மை அனைத்தையும் தள்ளிவிடுவார்கள்.

8. ரத்தத்த அப்படியே காட்டினாத்தானே மனசுல உறைக்கும்?

உறைப்பது வேறு, அதிர்வது வேறு. அதிர்ச்சி அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். எரியும் குடிசையிலிருந்து வெளியே போடப்பட்ட குழந்தையைத் திரும்ப உள்ளே எறிந்தார்கள் என்பது கீழ்வெண்மணியைப் பற்றிய சாட்சியங்களில் பலமுறை வருவது. அதை ஒரு முதியவர் குரல் ஏற்றாமல் ஒரே வாக்கியமாகச் சொல்லும்போது அரங்கமே மூச்சை அடக்கும். அதையே மெதுவோட்டத்தில், வயலின் இசையோடு இரண்டு நிமிடம் நடித்துக் காட்டினால் பார்ப்பவர் கண் திரையிலிருந்து விலகி ஒப்பனையையும் தீயையும் பார்க்கத் தொடங்கிவிடும்.

எழுதுபவர்களும் எடுப்பவர்களும் செய்துபார்க்க வேண்டியது: கொலைக்கு முந்திய நாளை நீளமாகக் காட்டுங்கள். அன்று சமைத்தது என்ன, யாருக்கு யார் கடன் தர வேண்டும், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். கொலைக்கு இரண்டு பக்கம் போதும். பிறகு வரும் நாட்களை மறுபடி நீட்டுங்கள். போலீஸ் எப்போது வந்தது, எலும்பை யார் பொறுக்கினார், மறுநாள் அந்த வயலில் யார் இறங்கினார். பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் இந்த மூன்றாம் பகுதிதான் இல்லாமல் போகிறது. சாம்பலோடு கதையை முடித்துவிடுகிறார்கள். மிஞ்சியவர்கள் அதற்குப் பிறகு நாற்பது ஐம்பது வருஷம் வாழ வேண்டியிருந்தது.

9. பிள்ளைங்களக் கூட்டிட்டு வரலாமா?

நாவல் வாசிப்புக்கு 15 வயதுக்கு மேல் வரட்டும். ஆவணப்படத்துக்கு, நீங்கள் முதலில் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சிறியவர்களுக்குச் சாவைவிட முதலில் வாழ்க்கையைச் சொல்லலாம்: தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு), ரப்பர் பால்வெட்டு, ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கு, வாழைமரப் படம் போட்ட பண நோட்டு. 'அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?' என்று அவர்களே கேட்பார்கள். அப்போது பொய் சொல்லாதீர்கள்.

10. நாங்க இருபது பேர் சேர்ந்து ஒரு ஆவணப்படம் போடப்போறோம். மண்டபம் இருக்கு, புரொஜெக்டர் இருக்கு. வேற என்ன வேணும்?

முதலில் அனுமதி. மலேசியாவின் 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டம், 6-ஆம் பிரிவின்படி, தணிக்கை வாரியம் பார்த்து ஒப்புதல் தராத படத்தை வைத்திருப்பதும் திரையிடுவதும் குற்றம். அபராதம் 5,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட் வரை, அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'டிக்கெட் விற்கவில்லை, ஆவணப்படம்தானே' என்பது காப்பாற்றாது. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் திரையிட்டதற்காக மனித உரிமை ஆர்வலர் ஒருவர் மேல் இதே பிரிவில் வழக்குப் போட்டார்கள். வழக்கு ஏறி இறங்கி, 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதத்தில் முடிந்தது. ஆகவே படத்தின் முழுப் பிரதியோடு தணிக்கை வாரியத்துக்கு விண்ணப்பியுங்கள். பதில் வந்த பிறகுதான் சுவரொட்டி. இயக்குநரிடமோ உரிமையாளரிடமோ எழுத்தில் சம்மதமும் வாங்குங்கள். வலையில் கிடைக்கிறது என்பது பொதுத் திரையிடலுக்கான உரிமை ஆகாது.

அடுத்தது நேரம். 90 நிமிடப் படத்துக்கு மண்டபத்தை மூன்று மணி நேரம் எடுங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம்: தேதி, இடம், யார் யாரைக் கொன்றார், எத்தனை பேர். படம் முடிந்ததும் விளக்குகளைச் சட்டென்று எரிய விடாதீர்கள், ஓரத்து விளக்கு மட்டும் போதும். பத்து நிமிடம் தேநீர், 40 நிமிடம் பேச்சு. 'எப்படி இருந்தது?' என்று தொடங்கினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 'எந்தக் குரல் காதில் நிற்கிறது?' என்று கேளுங்கள். பாதியில் எழுந்து போகிறவர் பின்னால் ஒருவர் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும், அதற்கு முன்கூட்டியே ஆள் சொல்லி வையுங்கள்.

பெரும்பாலும் கெடுவது ஒலி. சாட்சிப் படங்களில் பேசுகிறவர்கள் முதியவர்கள். பல் போன வாய், தஞ்சைக் கிராமத்துப் பேச்சு. புரொஜெக்டரின் உள் ஒலிபெருக்கியில் பாதி விழாது. தனி ஒலிபெருக்கி வைத்து, கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, குளிரூட்டியையும் ஓடவிட்டுச் சோதியுங்கள்.

11. எங்க தாத்தா சயாமுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவரு, இப்ப இல்ல. பாட்டி வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. எப்படிப் பேச வெக்கிறது?

1942-இல் 18 வயதில் போனவர் இன்று இருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். அதனால் இப்போது கிடைப்பது மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகளின் நினைவுதான். அதுவும் மதிப்புள்ளது. பதிவில் மட்டும் 'இவர் கண்டது', 'இவர் தாத்தா சொல்லிக் கேட்டது' என்று பிரித்து எழுதுங்கள்.

முதல் நாள் சயாம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்கு எழுவார்கள், கோயில் திருவிழா எந்த மாதம் என்று கேளுங்கள். இடம் கண்ணுக்கு வந்தால் ஆட்கள் தாமாக வருவார்கள். 'ஏன் பாட்டி, தாத்தாவை எப்படிக் கொண்டுபோனாங்க?' என்பது இரண்டாவது அல்லது மூன்றாவது அமர்வின் கேள்வி. 45 நிமிடத்துக்கு மேல் ஓர் அமர்வு வேண்டாம். அழுதால் பதிவை நிறுத்துங்கள், ஆனால் எழுந்து போகாதீர்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பேசாமல் இருப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

கைப்பேசி போதும். பறப்பு நிலையில் (ஃப்ளைட் மோட்) போட்டு, காலர் மைக் ஒன்று செருகி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, டபிள்யூஏவி (WAV) ஒலிக்கோப்பாகப் பதியுங்கள். தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுகிறவர் பெயர், பதிவுக்குச் சம்மதம் என்பவற்றை அவர் குரலிலேயே வாங்குங்கள். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில். ஒரு மணிநேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணிநேரம் பிடிக்கும். எழுதும்போது 'சப்பான்காரன்' என்பதை 'ஜப்பானியர்' என்று திருத்தாதீர்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பியதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், கைப்பேசி மாறும்போது போய்விடும்.

12. தாத்தாவோட அண்ணன் திரும்பவே இல்ல. பேரு மட்டும்தான் தெரியும். எங்க தேடறது?

கோலாலம்பூரில், முன்பு ஜாலான் டூத்தா என்றிருந்த ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் நிர்வாகக் கோப்புகள் இருக்கின்றன. மலாயா பல்கலைக்கழக நூலகத்திலும் பார்க்கலாம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். அந்தக் காலத்துக் கிராணிகள் (தோட்டத்து எழுத்தர்கள்) காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனியாண்டி என்ற ஒரே பெயர் ரோமன் எழுத்தில் நாலைந்து விதமாக இருக்கும். அப்பா பெயரையும் அதேபோல் மாற்றி மாற்றிப் பாருங்கள். தோட்டத்துக்கும் இரண்டு மூன்று பெயர் உண்டு: கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர், மலாய்ப் பெயர், நம் ஆட்கள் கூப்பிட்ட தமிழ்ப் பெயர். கோப்பில் முதல் பெயர்தான் இருக்கும், பாட்டிக்கு மூன்றாவதுதான் தெரியும். தேடப் போகுமுன் மூன்றையும் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

தேடியும் கிடைக்காமல் போகலாம். அப்போது 11-ஆம் பதிலில் சொன்னபடி குடும்பத்தாரின் வாய்மொழியைப் பதிந்து, பெயர், உத்தேச வயது, தோட்டம், போன ஆண்டு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த மனிதர் இருந்தார் என்பதற்கு அதுவரை இருக்கும் ஒரே ஆவணம் அந்தத் தாளாக இருக்கக்கூடும்.

13. கங்காணிதான் புடிச்சுக் குடுத்தாருன்னு பாட்டி சொல்றாங்க. அந்தக் குடும்பம் இன்னும் பக்கத்துத் தாமான்லதான் (குடியிருப்பு) இருக்கு. எழுதலாமா?

இதுவரை வந்த கேள்விகளில் மிகக் கடினமானது இது. ஜப்பானியர் தோட்டத் தொழிலாளரைத் திரட்டியபோது கிராணி, கங்காணி வழியாகப் பட்டியல் வாங்கினார்கள். இலவசப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டி, கதவை அடைத்து, அப்படியே ரயிலில் ஏற்றியதும் வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. நம்மவர் கையும் அதில் இருந்தது. அதை மறைத்து எழுதினால் ஜப்பான்காரன் எப்படி இவ்வளவு வேகமாக இத்தனை பேரைப் பிடித்தான் என்பதற்கே விளக்கம் இருக்காது.

ஆனால் ஒரு பாட்டியின் வாய்மொழியை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் மேல் பெயரோடு பழி போடக் கூடாது. பேரப்பிள்ளைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவதூறு வழக்கும் வரலாம். ஒலிப்பதிவில் பெயர் இருக்கட்டும், அதை மூடி வையுங்கள். அச்சில் 'தோட்டத்துக் கங்காணி' என்று எழுதுங்கள். இந்த இடத்தில்தான் நாவல் கை கொடுக்கிறது. பட்டியலில் தன் தம்பி பெயரை எழுதாமல் விட்டு, அந்த இடத்தில் அடுத்த வீட்டுக்காரன் பெயரை எழுதும் ஒரு கங்காணியை நீங்கள் படைக்கலாம். அவனுக்கு மேலே துப்பாக்கி இருந்தது என்பதையும் எழுதலாம். யாரையும் விடுவிக்காமல், யாரையும் பேயாக்காமல் அந்த இரவைச் சொல்ல முடியும்.

14. ரெண்டு பக்கமும் காட்டினாத்தானே நடுநிலை?

கொன்றவர் தரப்பின் வாதத்தைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ன சொன்னது, 1948-இல் பிரிட்டிஷ் ராணுவம் என்ன அறிக்கை விட்டது என்பதெல்லாம் வரலாறு. ஆனால் 'இவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்' என்று அருகருகே வைத்துவிட்டு விலகினால் அது வேலையைப் பாதியில் விட்டது. அவர்கள் சொன்னதைப் போட்டு, அதற்கு எதிராக என்ன சான்று கிடைத்தது என்பதையும் உடனே போடுங்கள். 2-ஆம் பதிலில் பத்தாங் காலியை அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

15. நான் அந்த ஊரும் இல்ல, அந்தச் சாதியும் இல்ல. கீழ்வெண்மணியப் பத்தி நான் எழுதலாமா?

எழுதலாம், சில கட்டுப்பாடுகளோடு. முதலில், அந்த ஊர் மக்கள் தாங்களே சொன்னதையும் தலித் எழுத்தாளர்கள் எழுதியதையும் படித்த பிறகு பேனாவை எடுங்கள். இரண்டாவது, உங்களைப் போன்ற ஒருவரைக் கதையில் மீட்பராக வைக்காதீர்கள். சங்கம் கட்டியதும் கொடியை இறக்க மறுத்ததும் அந்தக் கூலிகளே. வெளியாள் வந்துதான் அவர்களுக்கு வாய் கிடைத்தது என்று எழுதினால் அது இரண்டாவது முறை அவர்களை அழிப்பது. மூன்றாவது, இறந்த ஒருவரின் உண்மைப் பெயரை வைத்துக்கொண்டு அவருக்குக் காதல், துரோகம் என்று கற்பனை வாழ்க்கை கட்டாதீர்கள். கற்பனைப் பாத்திரத்துக்குக் கற்பனைப் பெயர், உண்மைப் பெயருக்குத் தெரிந்த உண்மை மட்டும். நினைவுச்சின்னத்துப் பெயர்களை நூலின் முன்பக்கத்தில் அப்படியே அச்சிட்டுவிட்டுக் கதையில் வேறு பெயர்களை வைக்கலாம்.

பிறந்த இடத்தால் யாருக்கும் தானாக உரிமை வந்துவிடுவதில்லை, போய்விடுவதும் இல்லை. ஆனால் கூச்சம் இல்லாமல் இதை எழுதுகிறவரின் பிரதியை நாங்கள் இரண்டு முறை சோதித்துப் படிப்போம்.

16. குடும்ப வாய்மொழிய ஒரு சின்ன நூலா அச்சடிச்சிட்டோம், 200 பிரதி. இனி என்ன செய்யணும்?

மலேசியாவின் 1986 நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சிட்ட நூலின் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒலி, ஒளிப் பதிவாக வெளியிட்டால் இரண்டு பிரதி. ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணையும் அச்சுக்குப் போகுமுன் அங்கேயே வாங்கலாம், பலர் அச்சடித்த பிறகு கேட்டு ஒட்டுத்தாள் ஒட்டுகிறார்கள். மலாயா பல்கலைக்கழக நூலகத்துக்கும், பேசியவர்கள் பிறந்த தோட்டத்துக்கு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கும் இரண்டிரண்டு அனுப்புங்கள். பின்பக்கத்தில் பெயர் அட்டவணை ஒன்று கட்டாயம் வையுங்கள்: இறந்தவர் பெயர், தோட்டம், பக்க எண். 12-ஆம் கேள்வி கேட்டவரைப் போல இன்னொருவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடி வரும்போது அவர் முதலில் திருப்பப் போவது அந்தப் பக்கத்தைத்தான். அடுத்த பதிப்பில் சேர்க்க இடம் விட்டு, கடைசி இரண்டு தாள்களை வெறுமையாக வைத்துத் தையுங்கள்.